பத்து மாடு வாங்கறதுக்கு முன்னாடி சாணியை ஒரு தடவை கழுவிப் பாருங்க அம்மணி

தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பெரிய லெட்டர், கூடவே கணக்கு நோட்டோட நாலு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. சுருக்கமா இதுதான்:

"டாக்டர் அண்ணா, எங்களுக்கு 9 ஏக்கருங்க. 3 ஏக்கர் கிணத்துத் தண்ணி பாயற தோட்டம், 6 ஏக்கர் மானாவாரிக் காடு, அதுல 2 ஏக்கர் மாமனார் காலத்து கொறங்காடு (வேலி போட்டு உழாம விட்ட மேய்ச்சல் காடு). கறவை 8, அஞ்சு ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, ரெண்டு ஜெர்சி கலப்பு, ஒண்ணு காங்கயம். கன்னு 4. தினம் 62 லிட்டர் பால் கூட்டுறவு சொசைட்டிக்கு ஊத்தறோம். யூரியா, டிஏபி நிறுத்தி 2 வருசம் ஆச்சு. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்து ஆர்கானிக் பால்னா லிட்டர் 70 ரூபாய்க்கு எடுத்துக்கறேன், ஆனா தினம் 150 லிட்டராவது வேணும்ங்கறார். வீட்டுக்காரர் 8 லட்சம் லோன் போட்டு இன்னும் 10 ஹெச்.எஃப் வாங்கலாம்ங்கறார். மாமனார் எல்லாத்தையும் வித்துட்டு காங்கயம் மட்டும் வச்சா போதும்ங்கறார். பால் கறக்கறது, கணக்கு எழுதறது ரெண்டும் நான்தான். எது சரின்னு தெரியாம ராத்திரி தூக்கம் வரலைங்க. அப்புறம் செவலைன்னு ஒரு ஜெர்சி கலப்பு, நாலு ஊசி போட்டும் சினை நிக்கல, வித்துடலாமா?"

அம்மணி, முதல்ல அந்த நோட்டுக்கு ஒரு கும்பிடு. இருபத்தேழு வருசமா மாட்டு டாக்டரா கட்டுத்தரை கட்டுத்தரையா போயிட்டு இருக்கேன், மருந்துச் சீட்டைக்கூட எடுத்து வைக்காத வீடுதான் அதிகம், நீங்க தவிட்டு மூட்டைல இருந்து சினை ஊசி வரைக்கும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கீங்க. அதனால பதில் உங்க நோட்டுக்குள்ளயே இருக்கு, நான் பக்கத்தை திருப்பிக் காட்டறேன், அவ்வளவுதான்.

போன மாசக் கணக்கு. பால் 1,860 லிட்டர், சராசரி 36 ரூபா, கிட்டத்தட்ட 67,000. செலவுல அடர்தீவனம் 22 மூட்டை, 33,000. வைக்கோலும் தட்டும் விலைக்கு வாங்கினது 9,500. டாக்டர், மருந்து, ஊசி 4,000. சில்லறைச் செலவு 2,500. கையில நின்னது 18,000. ஒரு நாளைக்கு 600 ரூபா, ரெண்டு பேர் விடியக்காலம் நாலு மணில இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நின்னதுக்கு ஆளுக்கு 300. 2025-26ல நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல போட்ட கூலியே 336 ரூபாங்க. இதை சங்கடப்படுத்த சொல்லல. இப்ப 8 மாட்டுல ஆளுக்கு 300 நிக்கற ஒரு ஏற்பாட்டை அப்படியே 18 மாட்டுக்கு இழுத்தா, அந்த 300 பெருசாகறதுக்கு முன்னாடி பேங்க் தவணை வந்து அதுல உக்காந்துக்கும்.

வீட்டுக்காரர் என்ன சொல்வார்னு தெரியும், 70 ரூபா வந்தா கணக்கே வேறயாச்சேன்னு. அதுக்கு வர்றேன். முதல்ல நிலத்துக்கிட்ட கேப்போம், எத்தனை மாட்டுக்கு சோறு போடுவேன்னு.

பச்சைத் தீவனம் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 25 கிலோன்னு வச்சா 8 மாட்டுக்கு வருசத்துக்கு 73 டன் ஆகுது. உங்களுக்கு ஒரு ஏக்கர் கோ-4 நேப்பியர் புல்லு இருக்கு. புஸ்தகத்துல அது ஏக்கருக்கு 150 டன் வரும்னு போட்டிருக்கும், அது தண்ணியும் உரமும் குறைவில்லாம விட்டு 45 நாளைக்கு ஒரு அறுப்புன்னு தவறாம அறுத்தா. நீங்க யூரியாவை நிறுத்திட்டீங்க, கிணறு சித்திரையில எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதனால நான் எப்பவும் பாதியைத்தான் கணக்குல எடுப்பேன், 75 டன். சரிக்கு சரி. 18 மாடுன்னா 164 டன், தோட்டத்துல ரெண்டு ஏக்கருக்கு மேல புல்லுக்கே போயிரும், அப்புறம் வீட்டுக்கு நெல்லும் கடலையும் எங்க போடுவீங்க, வானத்துலயா.

காய்ஞ்ச தீவனம்தான் உங்க ஊர்ப்பக்கம் கழுத்தைப் பிடிக்கறது. மாட்டுக்கு தினம் 5 கிலோன்னா 8 மாட்டுக்கு வருசம் 14,600 கிலோ. காட்டுல 3 ஏக்கர் சோளம் போடறீங்க, மானாவாரியில ஏக்கருக்கு 2 டன் தட்டு வந்தாலே நல்ல வருசம், ஆக 6 டன், கூட கடலைக்கொடி ஒரு டன். பாதிக்குத்தான் ஆகுது, மீதிப் பாதிதான் அந்த மாசம் 9,500 ரூபா. இன்னும் 10 மாடு வந்தா வருசத்துக்கு 33 டன் வேணும், அதுல 26 டன் லாரியில வரணும். மழை பொய்க்கற வருசம் உங்களை மாதிரியே எல்லாரும் அதே லாரிக்கு கை நீட்டுவாங்க, அன்னைக்கு ஒரு கட்டு என்ன விலைன்னு லாரிக்காரர்தான் சொல்லுவார், நீங்க சொல்ல முடியாது.

மூணாவது சாணி. கலப்பின மாடு ஒண்ணு எப்படியும் 12 கிலோ போடும், 8 மாட்டுக்கு வருசம் 35 டன் பச்சைச் சாணி, மக்கி எருவாகும்போது பாதி, 17 டன். ஏக்கருக்கு 5 டன் எரு போட்டா மூணரை ஏக்கருக்கு ஆச்சு. உங்க தோட்டம் 3 ஏக்கர். பாத்தீங்களா, புல்லும் எருவும் ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது. காய்ஞ்ச தீவனம் மட்டும் அதை விடக் குறைச்சுச் சொல்லுது. என் கணக்குல உங்க நிலம் தாங்கற அளவு ஆறு, மிஞ்சிப்போனா ஏழு கறவை. இப்ப எட்டு இருக்கு, மாசாமாசம் வாங்கற வைக்கோலை அந்த எட்டாவது இன்னும் கூட்டுது.

மாடு கூடுனா சாணியும் கூடுமே, நிலம் இன்னும் நல்லாகுமேன்னு வீட்டுக்காரர் கேக்கலாம். நியாயமான கேள்வி, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். ஆனா விலைக்கு வாங்கின தவிடும் புண்ணாக்கும் வைக்கோலும் சாணியா விழுந்தா அது வேற ஏதோ ஒரு ஊர் நிலத்தோட சத்து, நீங்க காசு குடுத்து மூட்டையில கொண்டாந்து மாட்டு வயித்து வழியா இறக்கறீங்க. காசு இருக்கற வரைக்கும் வரும்.

நான் பட்டதைச் சொல்றேன். 2009ல நானும் என் தம்பியும் சேந்து லோன் போட்டு ஆறு ஹெச்.எஃப் வாங்கினோம். மாட்டு டாக்டர் வாங்கின மாடுங்க, ஊரே வந்து பாத்துச்சு. விக்கறவர் காலைல கறந்து காட்டினார், 18 லிட்டர், எனக்கே வாய் பொளந்துருச்சு. முந்தின நாள் சாயங்காலம் கறக்காம மடியைக் கட்டி வச்சிருந்தாங்கன்னு வீட்டுக்கு வந்த மூணாம் நாள்தான் புரிஞ்சுது, 11 லிட்டரைத் தாண்டல. ஒரு மாட்டை வாங்கணும்னா மூணு வேளை கூட நின்னு கறந்து பாக்கணும்னு நான் நூறு பேருக்கு சொல்லியிருப்பேன், அன்னைக்கு எனக்கு நானே சொல்லல. அந்த சித்திரையில கிணறு வத்துச்சு, மூணு மாட்டை வாங்கின விலைல பாதிக்கு வித்தோம், தவணை மட்டும் முழுசா கட்டினோம். தம்பி இன்னமும் ஹெச்.எஃப்னு சொன்னா எழுந்து போயிருவான்.

இப்ப அந்த 70 ரூபா.

கோயமுத்தூர்க்காரர் நல்லவராவே இருக்கட்டும். அவர் வாங்கி வேற ஒருத்தருக்கு விக்கறவர், அவர் பாட்டில்ல ஆர்கானிக்னு போடணும்னா சான்றிதழ் இல்லாம போட முடியாது. சான்றுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு என்.பி.ஓ.பி, அதாவது மத்திய அரசோட தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், நம்ம மாநிலத்துல விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே குடுக்குது, ஆபீஸ் கோயமுத்தூர்ல. இன்னொண்ணு பி.ஜி.எஸ், அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை, பக்கத்துத் தோட்டக்காரங்க குறைஞ்சது அஞ்சு பேர் குழுவா சேந்து ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் பாத்து உறுதி சொல்ற முறை. எதுல போனாலும் ரசாயனத்துல இருந்து ஆர்கானிக்குக்கு மாறும் காலம்னு ஒண்ணு உண்டு, என்.பி.ஓ.பில ஓராண்டுப் பயிருக்கே 2 வருசம். நீங்க நிறுத்தி 2 வருசம் ஆச்சுன்னு நீங்க சொல்றது எனக்குப் போதும், பேப்பருக்குப் போதாது, பொதுவா பதிவு பண்ண நாள்ல இருந்துதான் அவங்க கணக்கு ஓடும். ஆக லோன் தவணை அடுத்த மாசமே ஆரம்பிச்சுரும், 70 ரூபா ஆரம்பிக்க ரெண்டு வருசம். நடுவுல அந்த 18 மாட்டுப் பாலும் சொசைட்டிக்குத்தான் போகும். சொசைட்டி விலை நம்ம கையில இல்ல, 2022 நவம்பர்ல 32ல இருந்து 35 ஆச்சு, அதுக்கப்புறம் 2023 டிசம்பர்லதான் ஊக்கத்தொகைன்னு 3 ரூபா வந்துச்சு, அதுக்கு நடுவுல புண்ணாக்கு எத்தனை தடவை ஏறுச்சுன்னு உங்க நோட்டைப் பாருங்க.

அதோட உங்க நோட்டுல ஒரு வரி என்னைக் குத்துச்சு, "பருத்திக்கொட்டை 2 மூட்டை". நம்ம பக்கம் பால் மாட்டுக்கு பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்தறது பாட்டன் காலத்துப் பழக்கம், தப்பு சொல்ல மாட்டேன், கொழுப்பு நல்லா வரும். ஆனா 2002ல பி.டி பருத்தி வந்ததுக்கப்புறம் இன்னைக்கு சந்தையில கிடைக்கற கொட்டை கிட்டத்தட்ட எல்லாமே மரபணு மாத்தினதுதான், ஆர்கானிக் மாட்டுக்கு அது ஆகவே ஆகாது. நிலத்துக்கு யூரியா போடாம இருந்துட்டு மாட்டு வயித்துக்குள்ள அந்தக் கொட்டையை இறக்கினா சான்று குடுக்க வர்றவர் முதல் நாளே கோடு போட்டுருவார். கம்பெனி மூட்டைத் தீவனத்துலயும் சிலதுல யூரியா சேக்கறாங்க, சால்வென்ட்ங்கற ரசாயனக் கரைப்பான் போட்டு எண்ணெய் எடுத்த தவிடும் புண்ணாக்கும் இருக்கும். அதுவும் ஆகாது.

அதனால தீவனத்தை வீட்டுலயே அரைச்சுக்கங்க. நான் சொல்ற கலவை ரொம்ப சாதாரணம், 100 கிலோவுக்கு சோளம், கம்பு, மக்காச்சோளம் ஏதோ ஒண்ணு 40 கிலோ, செக்குல ஆட்டின கடலை, தேங்காய், எள்ளுப் புண்ணாக்கு எல்லாம் சேத்து 27, தவிடும் பொட்டும் 30, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. உங்க ஊர்ல செக்குக்காரர் இருக்கார், உங்க கடலையை அவர்கிட்டயே ஆட்டுங்க, எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை, கடலைப் புண்ணாக்குல பூஞ்சணம் வாடை லேசா அடிச்சாலும் தூக்கி எருக்குழில போடுங்க, பாவம் பாக்காதீங்க, அதுல இருக்கற அஃப்ளாடாக்ஸின்ங்கற பூஞ்சண விஷம் பால்ல வரும், காய்ச்சினாலும் போகாது. ஆர்கானிக்னு 70 ரூபாய்க்கு வாங்கற வீட்டுல குழந்தைதான் அந்தப் பாலைக் குடிக்கும்.

அந்தத் தீவனத்தை தண்ணில கரைச்சு ஊத்தாதீங்க, உங்க அத்தை கோவிச்சுக்குவாங்க, பரவால்ல. லேசா பிசறி வைங்க, தண்ணியைத் தனியா தொட்டியில எப்பவும் நிக்கற மாதிரி வைங்க. கரைச்சு ஊத்தறப்ப மாடு மெல்லாம குடிச்சுருது, பாதி சத்து பின்னாடி போயிரும்.

தலைப்புல சொன்ன சாணிக் கதை இதுதான். நாளைக்கு காலைல ஒவ்வொரு மாடும் போட்ட புதுச் சாணில ரெண்டு கை எடுத்து, வீட்டுல பழசாகிப்போன ஒரு சல்லடையில போட்டு பைப் தண்ணியை மெதுவா விட்டுக் கழுவுங்க, தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும். மிச்சம் நிக்கறதை ஒரு வெள்ளைத் துணி மேல கொட்டிப் பாருங்க. நார் எல்லாம் பொடிப்பொடியா, விரல் நகத்தை விட சின்னதா இருந்தா மாடு நல்லா அசை போடுதுன்னு அர்த்தம். நீளநீளமா புல் துண்டு, உடையாத சோளம், முழுசு முழுசா பருத்திக்கொட்டை நின்னா, மூட்டைக்கு நீங்க குடுத்த காசு அந்தத் துணி மேல கிடக்குது. போன மாசம் ஒரு தோட்டத்துல ஒரே மாட்டுச் சாணில பதினோரு முழு கொட்டை எண்ணினேன், அந்த வீட்டுப் பெரியவர் ஒண்ணும் பேசாம அதைப் பொறுக்கி சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார், பையன்கிட்ட காட்டறதுக்காம். உங்க எட்டு மாட்டுக்கும் எட்டு துணி வைங்க, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்க, நான் எழுதற பக்கம் பக்கமான கணக்கை விட அது நல்லா பேசும். அப்படி வீணாப் போறதை நிறுத்துனாலே 22 மூட்டைல நாலஞ்சு குறைய வழி இருக்கு.

பச்சைத் தீவனத்துல வெறும் கோ-4 மட்டும் போடறதும் ஒரு காரணம். நேப்பியர் புல்லுல ஆக்சலேட் அதிகம், சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சுக்கும், புரதமும் கம்மி. மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகை வேணும். வேலிமசால் கால் ஏக்கர் போடுங்க, வரப்பு பூரா அகத்தியும் கிளிரிசிடியாவும் நடுங்க, அதுக்குத் தனியா நிலம் வேண்டாம். புண்ணாக்குல ஒரு பகுதி அந்தத் தழையில இருந்தே வந்துரும். காட்டுச் சோளத்தை மட்டும் பாத்து மேய விடுங்க, மழை இல்லாம வாடி நிக்கற இளஞ்சோளத்துல விஷம் ஏறியிருக்கும், பூ எடுக்கற வரைக்கும் மாட்டைக் கிட்டயே விடாதீங்க. வாடின காடுன்னு பரிதாபப்பட்டு அவுத்து விட்ட அன்னைக்கே மாடு விழுந்த வீடு எனக்குத் தெரிஞ்சு நிறைய.

மாமனாருக்கு பாதி மார்க். காங்கயம் மட்டும் வச்சா பால் காசுல குடும்பம் ஓடாதுங்க, நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர்தான், அதுல கன்னுக்குப் போக என்ன நிக்கும். ஆனா அவர் அந்த ரெண்டு ஏக்கர் கொறங்காட்டை உழாம காப்பாத்தி வச்சிருக்காரே, அதுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம். கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேலான், சுத்தி கிளுவை வேலி, தண்ணியும் வேண்டாம் உரமும் வேண்டாம், மழை பெஞ்சா தானா எந்திரிக்கும். அதை ரெண்டா மூணா தடுத்து மாத்தி மாத்தி மேய விடுங்க, வத்தக் கறவையும் கிடாரிக் கன்னுகளும் வருசத்துல சில மாசம் அங்கயே இருந்துக்கும், மூட்டைத் தீவனம் அதுங்களுக்குத் தேவையே இல்ல. காங்கயம் ஒண்ணு ரெண்டா இருக்கட்டும், காளைக்கன்னு விழுந்தா கண்ணபுரம் சந்தைக்குப் போனாலே அதோட மதிப்பு தெரியும், ஹெச்.எஃப் காளைக்கன்னை என்ன பண்றோம்னு நமக்கெல்லாம் தெரியும், எழுத வேண்டாம்.

மீதிக்கு ஜெர்சி கலப்புக்குப் போங்க, ஒரேயடியா இல்ல, ஹெச்.எஃப் ஒவ்வொண்ணா வயசாகி விலகும்போது. நம்ம மாநிலத்து இனவிருத்திக் கொள்கையே சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த மலைக்கு ஹெச்.எஃப்னுதான் வச்சிருக்கு. தாராபுரம் வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு உங்க ஹெச்.எஃப் நாக்கைத் தள்ளிட்டு மூச்சு வாங்கறதை நீங்களே பாத்திருப்பீங்க. அந்த நேரத்துல அது தீவனம் எடுக்காது.

வருமானம் எப்படி ஏத்தறதுன்னா, மாட்டைக் கூட்டாம விலையைக் கூட்டுங்க. 62 லிட்டர்ல தினம் 20 லிட்டரை மட்டும் தாராபுரம் டவுனுக்குள்ள வீடு வீடா 60 ரூபாய்க்குக் குடுத்தா, சொசைட்டி விலையை விட லிட்டருக்கு 24 ரூபா அதிகம், மாசம் 14,400. இப்ப கையில நிக்கற 18,000 கிட்டத்தட்ட ரெட்டிப்பு, ஒரு மாடு கூட வாங்காம. இருபது வீடு இருந்தா ஆச்சு. வருசம் 12 லட்சத்துக்குக் கீழ விக்கற சின்ன விவசாயி தன் பொருளை நேரா சாப்பிடறவங்க கையிலயே குடுத்தா ஆர்கானிக் சான்று கட்டாயம் இல்ல, உங்க விற்பனை 8 லட்சம்தான் வருது. சான்று வாங்கின பொருளுக்குப் போடற ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போடக்கூடாது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்துக்கணும், அது சுலபம். கூடவே பக்கத்துல நாலு வீட்டைச் சேத்து பி.ஜி.எஸ்ல பதிவு பண்ணிடுங்க, காலம் பாட்டுக்கு ஓடட்டும். ரெண்டு வருசம் கழிச்சு கோயமுத்தூர்க்காரர் அப்பவும் 70 ரூபா சொன்னா, 150 லிட்டரை நீங்க ஒருத்தரே குடுக்கணும்னு என்ன இருக்கு, அஞ்சு வீட்டுப் பாலும் சேந்தா 150 தானா வரும். எழுத்துல வாங்குங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். மிச்ச பாலை சொசைட்டிக்கே ஊத்துங்க, எந்தக் காலத்துலயும் சொசைட்டியை விட்டு முழுசா வெளிய வராதீங்க, மழை நாள்லயும் தீபாவளி அன்னைக்கும் பால் எடுக்கறது அவங்கதான்.

நிலத்துக்கு ரெண்டு வார்த்தை. எருக்குழியை நிழலுக்குள்ள கொண்டாங்க. போட்டோல சாணி மேடு வெட்டவெளில காயுது, அந்த வெயில்ல தழைச்சத்து ஆவியாப் போயிட்டே இருக்கும். கட்டுத்தரையில இருந்து மூத்திரம் ஓடற வாய்க்காலை நேரா குழிக்குத் திருப்புங்க, மாடு தின்னு மிச்சம் விட்ட தட்டையை அடியில பரப்புங்க, அது உறிஞ்சிக்கும். சாணியை விட மூத்திரத்துலதான் தழைச்சத்து சட்டுனு பயிருக்குக் கிடைக்கும், அதை இத்தனை வருசமா வேலிக்கு விட்டுட்டு இருக்கீங்க. தோட்டத்துல நெல்லுக்கு முன்னாடி ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைச்சு பூ எடுக்கற சமயம் மடக்கி உழுதுருங்க. காட்டுக்கு எரு பத்தாது, அங்க சோளத்தோட தட்டைப்பயறை ஊடால போடுங்க, மறு வருசம் கொள்ளு, கோடையில ஆட்டுப்பட்டி போட ஆள் கிடைச்சா ஒரு வாரம் பட்டி போடச் சொல்லுங்க. சாணி, கோமியத்துல பண்ற ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் தாராளமா விடுங்க, ஆனா அதை விட்டா எரு வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, ஆர்கானிக்னு சொல்லி கோமாரி தடுப்பூசி போடாம விட்டுட்டீங்கன்னு லெட்டர்ல ஒரு ஓரத்துல எழுதியிருக்கீங்க. யாரு சொன்னாங்க அப்படி? கோமாரி தடுப்பூசிக்கு ஆர்கானிக் விதி தடை போடல, அரசு இலவசமா 6 மாசத்துக்கு ஒருக்கா போடுது, அடுத்த முகாம்ல முதல் ஆளா நில்லுங்க. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், உயிர் போற நிலைமையில போட்டே ஆகணும், போட்டா பாலை விக்காம நிறுத்தி வைக்கற நாள் லேபிள்ல இருக்கறதுக்கு ரெண்டு மடங்கு. மடிநோய் ஆரம்பத்துலயே தெரிஞ்சா அந்த அளவுக்குப் போகாது. தினம் முதல் ரெண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில பீச்சிப் பாருங்க, திரிதிரியா வந்தா அன்னைக்கே சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 கிராம் சேத்து அரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கரைச்சு, மடியைச் சுத்தமா கறந்து கழுவிட்டு ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை பூசுங்க, அஞ்சு நாள். நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பின முறை, தேசிய பால்வள வாரியமே இப்ப நாடு பூரா சொல்லிக் குடுக்குது. மாட்டுக்குக் காய்ச்சல் வந்து தீவனம் எடுக்காம நின்னா மட்டும் கத்தாழையை நம்பிட்டு உக்காராதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க.

உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா யார் கறப்பாங்க? லெட்டர்ல இதை நீங்க கேக்கல, நான் கேக்கறேன். எட்டு மாட்டையும் நீங்க ஒருத்தரே கையால கறக்கறீங்க, 18 ஆனா ரெண்டு வேளையும் சேத்து அஞ்சு மணி நேரம் அதுக்கே போகும், இல்லைன்னா மெஷின், ஆள், அது இன்னொரு லோன். வீட்டுக்காரருக்கு முதல்ல பால் கறக்கச் சொல்லிக் குடுங்க. ரெண்டு மாசம் காலைக் கறவை அவரோடதுன்னு வைங்க, அப்புறம் 10 மாடு பத்தி மறுபடியும் பேசலாம்னு சொல்லுங்க.

கடைசியா செவலை. நாலு ஊசின்னு எழுதினீங்க, எந்த நேரத்துக்குன்னு எழுதல, ஆனா நோட்டுல பாத்தேன், நாலும் காலைல பத்து மணிக்கு மேல, ஆள் வர்ற நேரத்துக்கு. மாடு காலைல கத்துனா சாயங்காலம் போடணும், சாயங்காலம் கத்துனா மறுநாள் காலைல, அது பருவத்துக்கு வந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சு. செவலை எப்பக் கத்துச்சுன்னு அந்த நாலு தேதியையும் யோசிச்சுப் பாருங்க. அடுத்த தடவை பருவத்துல வழும்பு (பின்னாடி வடியற கோழை) வரும்போது உள்ளங்கையில ஏந்திப் பாருங்க, கண்ணாடி மாதிரி தெளிவா நூலாட்டம் இழுத்தா கோளாறு இல்ல, சரியான நேரத்துக்கு ஊசி போடுங்க. கலங்கலா, வெள்ளைத் திப்பி இருந்தா கருப்பையில சீழ், ஊசி போட்டு வீணாக்க வேண்டாம், டாக்டரை விட்டு கையால பாக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள தினம் 50 கிராம் தாது உப்பு, ஒரு தடவை குடல்புழு மருந்து. இதெல்லாம் பண்ணி அடுத்த ரெண்டு பருவத்துலயும் நிக்கலைன்னா, அந்த எட்டாவது மாடு எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு, வித்துருங்க. சினை நின்னா எனக்கு எழுதுங்க, வித்தா எவ்வளவுக்குப் போச்சுன்னு எழுதுங்க.